பொங்காத தொட்டி

பொங்குகிற பீர் சும்மா கிடக்காது. மூடியைத் திறப்பதற்கு முன்பே சத்தம் வெளியே கேட்கும், பார்லிக் கஞ்சி கொதிக்கிற மாதிரி. வெள்ளிக்கிழமை காலை லெய்தா மாட்டைக் கறந்துவிட்டு, பால் வாளியைக்கூடக் கீழே வைக்காமல், முற்றத்தின் அந்தப் பக்கம் இருக்கிற அடுப்புக் குடிசையின் கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்துப் பார்த்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வடக்கே கடலில் இருந்து வரும் காற்றுதான் கதவு இடுக்கில் விசிலடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே போய், தொட்டியைப் போர்த்தியிருந்த ஆட்டுத்தோலை விலக்கி மூடியைத் தூக்கினாள். முந்தின நாள் சாயங்காலம் நடுவில் கையகலத்துக்கு நுரை கட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாகத் தூங்கப் போயிருந்தாள். இப்போது அதுவும் வற்றி, யாரோ துப்பிவிட்டுப் போனது போல ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். ஊற்றினபோது இருந்த அதே இனிப்பு, அதே கெட்டி. ஆனால் நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு புளிப்பு தட்டியது. இன்னொரு தடவை நக்கிப் பார்த்தாள். பொங்காத பார்லிச் சாறு அப்படியே கிடந்தால் புளித்துப் போகும். புளித்ததைப் பன்றிதான் குடிக்கும்.

செவ்வாய்க்கிழமை கூரை வேய்கிற நாள். மார்ச் மாதப் புயல் மாட்டுத்தொழுவத்தின் கூரையைப் பாதிக்கு மேல் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. குளிர்காலத்தில் உறைந்த கடல்மேல் நின்று அறுத்த நாணல் கட்டுக் கட்டாக முற்றத்தில் அடுக்கிக் கிடக்கிறது. எங்கள் சாரெமா தீவில் கூலிக்கு யாரும் கூரை வேய்வதில்லை. ஊரே திரண்டு வரும், ஒரே நாளில் வேலையை முடித்துக் கொடுக்கும். வீட்டுக்காரர்கள் சாப்பாடும் பீரும் தர வேண்டும். சாப்பாட்டில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் மன்னிப்பார்கள். பீரில் மன்னிப்பு கிடையாது. அதிலும் கூரை மேஸ்திரி எவால்த் இருக்கிறாரே, அவர் ஏணியில் கால் வைப்பதற்கு முன்பு வீட்டுப் பீரில் ஒரு குவளை குடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் கத்தியையும், நாணலைத் தட்டி இறுக்குகிற தட்டுப்பலகையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அவரைக் கூப்பிடத்தான் ஊர் ஊராக ஆள் நிற்கிறார்களே.

பீர் போடுவது எங்கள் பக்கத்தில் ஆம்பிளை வேலை. லெய்தாவின் புருஷன் பிரீது ஊரிலேயே பேர் போன கை. அந்தக் கைக்காரர் ஏப்ரல் கடைசியில், மழை ஈரம் காயாத பழைய கூரையில் ஏறி, 'ஏறாதீங்க'ன்னு பெண்டாட்டி கீழே நின்று கத்தக் கத்த வழுக்கி விழுந்து, தொடை எலும்பை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு படுத்திருக்கிறார். அதனால்தான் லெய்தாவின் கை முதல்முறையாகச் சாறு நிரம்பிய தொட்டிக்குள் போயிருக்கிறது.

அவள் பாலை வடிகட்டி வைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போனாள். பிரீது சுவருக்குச் சாய்ந்து உட்கார்ந்து கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன, பொங்குதா?"

"இல்லைங்க. செத்துக் கிடக்கு."

பிரீது கத்தியை வைத்தார். "செத்துக் கிடக்கா? நேத்து நுரை வந்துச்சுன்னு சொன்ன?"

"வந்துச்சு. அடங்கிப்போச்சு. நாக்குல லேசா புளிப்பும் தெரியுது."

பிரீது கண்ணை மூடிக்கொண்டார். "எனக்குத் தெரியும். நேத்தே மனசுல பட்டுது. பொம்பளை கை தொட்டிக்குள்ள போனா இப்படித்தான் ஆகும். எங்கப்பா சொல்லுவாரு."

லெய்தாவுக்குச் சுருக்கென்றது. முந்தின நாள் நடந்தது அவளுக்கு ஒன்றுவிடாமல் ஞாபகம் இருந்தது. சாறு இறக்கி ஆற வைத்த பிறகு, போன தடவைப் பீரின் அடியில் தங்கிய ஈஸ்ட் மண்டியை ஊற்றுகிற சூடு வந்துவிட்டதா என்று பார்க்க முழங்கையை விட்டுப் பார்த்தாள். சுரீரென்றது. இன்னும் ஆறணும் என்று வந்து சொன்னாள். பிரீது நம்பவில்லை. "ஒரு குவளையில மொண்டுட்டு வா, என் விரலை விட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். அவளும் எனாமல் குவளையில் மொண்டு எடுத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தாள். எதிரே நாணல் வண்டி வந்து நின்றது. குவளையைக் கையில் பிடித்தபடியே வாசற்படலைத் திறந்து விட்டு, குதிரை உள்ளே வர மாட்டேன் என்று அடம்பிடித்ததைச் சமாளித்து, வண்டிக்காரனிடம் ரெண்டு வார்த்தை பேசி, அந்த வாடைக்காற்றில் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தாள். பிரீது விரலை விட்டார். "கறந்த பால் சூடு. இதுதான் சரி. ஓடு, ஓடிப்போய் ஊத்து" என்றார்.

"தொட்டியில இன்னும் சூடா இருக்குங்க" என்று அவள் சொல்லத்தான் சொன்னாள்.

"எத்தனை வருஷமா இந்த விரல் பாத்துட்டு வருது. போடி."

பாதி மண்டியை ஜாடியில் மீத்து வைக்கிறேன் என்று சொன்னதற்கும், "வெளியில குளிரு, மொத்தமா ஊத்து, அப்பத்தான் வேகமாப் பொங்கும்" என்றார். அவள் போய் மொத்தத்தையும் ஊற்றினாள். அது ஒன்றுதான் லெய்தா செய்த தப்பு என்று நான் சொல்லுவேன்.

"நான் அப்பவே சொன்னேன், தொட்டி சூடா இருக்குன்னு" என்றாள் இப்போது. "குவளையில இருந்தது காத்துல ஆறிப்போச்சு. உங்க விரல் குவளையைத்தான் பாத்துச்சு, தொட்டியைப் பாக்கல. மண்டி வெந்துபோச்சு."

"அப்ப என் மேல தப்பா?"

"நான் என்ன நடந்துச்சோ அதைச் சொல்றேன்."

"காலு உடைஞ்சு கிடக்கறவன் மேல பழி போடுறதுக்கு உனக்கு எப்படி மனசு வருது?" என்றார் பிரீது. குரலில் அவ்வளவு வருத்தம். காலை உடைத்ததே அவள்தான் என்பது போல இருந்தது.

அவள் பதில் சொல்வதற்குள் முற்றத்தில் சைக்கிள் மணி கேட்டது. எவால்த் மேஸ்திரி. நாணல் கட்டு போதுமா என்று பார்க்க வந்தவர், கட்டுகளைக் குத்திப் பார்த்து, தொழுவத்தைச் சுற்றி வந்து, திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். நெட்டையான மனிதர். காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு நாணல் தட்டை செருகியிருக்கும்.

"பிரீது, நாணல் நல்லா இருக்கு. வரிச்சலுக்கு இன்னும் கொஞ்சம் கம்பு வேணும். பீர் எப்படி?"

லெய்தா வாயைத் திறப்பதற்குள் பிரீது முந்திக்கொண்டார். "அதை ஏன் கேக்குறீங்க மேஸ்திரி. நான்தான் படுத்துக் கிடக்கேனே. வீட்டுக்காரி போட்டா. பொம்பளை கை பட்டுது, படுத்துக்கிச்சு."

மேஸ்திரி லெய்தாவைப் பார்த்தார். அவளுக்குக் காதுமடல் வரைக்கும் சூடேறியது. புருஷன் தனியாக இருக்கையில் ஆயிரம் சொல்லலாம். ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஆளிடம் சொன்னது அப்படியே சைக்கிளில் ஏறி ஊர் முழுக்கப் போய்விடும்.

"பால் குடிச்சிட்டுக் கூரை ஏறுற வழக்கம் எனக்கு இல்ல பிரீது" என்றார் மேஸ்திரி. "திங்கக்கிழமை சாயங்காலம் ஆளனுப்புங்க. பீர் இருந்தா வரேன். இல்லாட்டி லூமண்டா ஊர்க்காரங்க கூப்பிட்டிருக்காங்க, அங்க போயிடுவேன். உங்களுக்கு அடுத்த மாசம் பாப்போம்."

"அடுத்த மாசம் வரைக்கும் மாடு மழையில நிக்குமா மேஸ்திரி?" என்றாள் லெய்தா.

"அது என் கையில இல்லம்மா. உன் கையில இருக்கு, உன் வீட்டுக்காரர் சொல்றதப் பாத்தா." சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினார்.

லெய்தா ஜன்னலைச் சாத்தினாள். "பீர் பொங்கும்" என்றாள் பிரீதுவிடம்.

"எதை வச்சு? மண்டிதான் மொத்தமும் போச்சே. டவுன்ல ரொட்டிக்குப் போடுற ஈஸ்ட் வாங்கிட்டு வந்து போடப்போறியா? மேஸ்திரி மோந்து பாத்தே சொல்லிருவாரு."

"கூஸ்தி வீட்டுக் கிணத்துல ஒரு மண்டி ஜாடி தொங்குதில்ல."

பிரீது எழுந்து நின்றிருப்பார், கால் மட்டும் ஒத்துழைத்திருந்தால். "கூஸ்தியா? என் பீரைக் கன்னுக்குட்டிக்குக் காட்டுன்னு சொன்னவன் கிட்டயா? அவன் மண்டி என் தொட்டிக்குள்ள வந்தா, நான் அந்தத் தொட்டியையே கோடாலியால..."

"முதல்ல எழுந்து நடங்க. கோடாலியை அப்புறம் தேடலாம்."

கூஸ்தி பக்கத்து நிலத்துக்காரன். பிரீதுவை விடக் கொஞ்சம் வயதில் சின்னவன். நாலைந்து வருடம் முன்பு ஒரு ஞானஸ்நான விருந்தில் பிரீதுவின் பீரைக் குடித்துவிட்டு அந்தக் கன்றுக்குட்டிப் பேச்சைப் பேசினான். அன்றிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சர்ச்சில்கூட ஆளுக்கொரு பக்கம் உட்காருவார்கள். ரெண்டு வீட்டுப் பீரையும் குடிக்கிற ஊர்க்காரர்களுக்கு எது உசத்தி என்று பேசிப் பேசிக் குளிர்காலம் கழிந்துகொண்டிருந்தது.

லெய்தா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வயல் வரப்பில் நடந்தாள். கடலோரத்தில் படகைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தான் கூஸ்தி. தார்ச்சட்டி கொதிக்கிற வாசனை தூரத்திலேயே அடித்தது.

"வாங்க மதினி" என்றான், பூசுவதை நிறுத்தாமல். "மேஸ்திரி இப்பத்தான் இந்தப் பக்கம் போனாரு. சேதி சொன்னாரு."

சைக்கிள் அவ்வளவு வேகம்.

"அப்ப நான் சொல்ல வேண்டியது மிச்சமில்ல" என்றாள். "கொஞ்சம் மண்டி வேணும் தம்பி."

கூஸ்தி தார்மட்டையைச் சட்டியில் போட்டுவிட்டு மீசையைத் தடவினான். மீசையில் தார் ஒட்டியது. அவனுக்கு அது தெரியவில்லை. இந்த நாளுக்காக அவன் எத்தனை வருடம் காத்திருந்தானோ.

"தரலாம் மதினி. எங்கப்பா காலத்து மண்டி. அதை நான் யாருக்கும் கொடுத்ததில்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும். அண்ணன் கூரை வேயுற அன்னிக்கு எல்லாரு முன்னாலயும் சொல்லட்டும், கூஸ்தி பீருதான் ஒசத்தின்னு."

"அவரு சொல்ல மாட்டாரு."

"காலுதானே உடைஞ்சிருக்கு? வாய் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் பிரச்சனையே."

"அப்ப நீங்க சொல்லுங்க. இப்பவே. 'எங்க வீட்டுப் பீரு கன்னுக்குட்டிக்குத்தான் லாயக்கு'ன்னு ஒரு வார்த்தை. ஜாடியோட தரேன்."

லெய்தா அவனையே பார்த்தாள். ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டு வாங்கிப்போனால் தொழுவத்துக்குக் கூரை வந்துவிடும். ஆனால் காலையிலிருந்து ரெண்டு ஆம்பிளைகள் அவளைப் பற்றிப் பேசியதைக் கேட்டுக்கொண்டாயிற்று. மூன்றாவது ஆளுக்கும் தலையாட்ட அவளால் முடியவில்லை.

"மாட்டேன்" என்றாள். "அந்தப் பீருக்குத் தண்ணி சுமந்தவ நான். அதைக் கன்னுக்குட்டிக்குன்னு என் வாயால சொல்ல மாட்டேன். மழையில மாடு நனையட்டும்."

அவள் திரும்பியபோது மேட்டில் கூஸ்தியின் பெண்டாட்டி வைகே நின்றுகொண்டிருந்தாள். தார்ச்சட்டிக்குப் போட விறகு தூக்கிக்கொண்டு வந்தவள், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். விறகைத் தொப்பென்று போட்டாள்.

"அக்கா, நில்லுங்க" என்றாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். "என்ன சொன்ன? யாரு காலத்து மண்டி?"

"எங்கப்பா காலத்து."

"உங்கப்பா காலத்து மண்டியை நீ மூணு வருஷம் முன்னால வெந்நீர்க் குளியல் கொட்டாய்ல மறந்து வச்சிட்டு வந்தியே. ஞாபகம் இருக்கா? நாறிப்போச்சு. மூக்கைப் பொத்திக்கிட்டு நான்தான் கொண்டுபோய்க் கொட்டினேன்."

"அதான் அடியில கொஞ்சம் தங்கி இருந்துச்சுன்னு சொன்னியே."

"சொன்னேன். என்ன தங்கி இருந்துச்சு, மண்ணாங்கட்டி. கிறிஸ்மஸ்க்குப் பீர் இல்லேன்னா நீ வீட்டுல இருக்குற எல்லாத்தையும் போட்டு உடைப்பே. இந்த அக்கா கிட்டதான் போனேன். பிரீது அண்ணன் மீன் பிடிக்கப் போன நேரமாப் பாத்து, அவங்க வீட்டு ஜாடியில இருந்து அரை ஜாடி வழிச்சுக் கொடுத்தாங்க. மூணு வருஷமா அதைத்தான் நீ போடுற. போட்டுக் குடிச்சிட்டு, மீசையைத் துடைச்சிக்கிட்டு, 'எங்கப்பா மண்டி எங்கப்பா மண்டிதான்'னு சொல்லிட்டுத் திரியுற."

கூஸ்தி மீசையிலிருந்து கையை எடுத்தான்.

லெய்தாவைப் பார்த்தான். "மெய்யாவா மதினி?"

"நான் சொல்லியிருக்க மாட்டேன் தம்பி" என்றாள் லெய்தா. "அவளே சொல்லிட்டா."

"அப்ப மூணு வருஷமா நான் குடிச்சது பிரீது பீரா?"

"மண்டிதான் அவரோடது. மத்தது உன்னுது" என்றாள் லெய்தா. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குதூகலம். காலையிலிருந்து முதல் தடவையாக நிமிர்ந்து நின்றாள்.

வைகே மேற்கொண்டு பேச்சே வைத்துக்கொள்ளவில்லை. நேராகக் கிணற்றுக்குப் போய்க் கயிற்றை இழுத்து ஜாடியை எடுத்தாள். அடியில் வெண்ணெய் நிறத்தில் மண்டி கெட்டியாகப் படிந்திருந்தது. "நானும் வரேன் அக்கா. தனியா உங்களால ஆகாது." புருஷனைத் திரும்பிப் பார்த்து, "மதியத்துக்கு உருளைக்கிழங்கு நீயே வேக வச்சுக்க. மீசையில தாரு இருக்கு" என்றாள்.

அடுப்புக் குடிசையில் ரெண்டு பேரும் இடுப்பில் கட்டியிருந்த முன்துணியை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். முதலில் தொட்டியிலிருந்து ஒரு பாத்திரம் சாறு மொண்டு, அடுப்பில் வைத்துப் பொங்கக் கொதிக்க விட்டு இறக்கி ஆற வைத்தார்கள். வைகே விரலை விடப் போனாள். லெய்தா அவள் கையைத் தட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்து முழங்கையை விட்டாள். சுடவில்லை, குளிரவும் இல்லை. கை பாத்திரத்துக்குள் இருப்பதே தெரியவில்லை. "இப்ப போடு" என்றாள். ஜாடியில் பாதியை மட்டும் கரைத்து ஊற்றி, மீதியை மூடி வைத்தார்கள். பாத்திரத்தைத் துணியால் சுற்றி அடுப்போரம் வைத்ததும் தொட்டியைப் பார்த்தார்கள். அந்தச் சாறு இப்போது கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று கிடந்தது. வெந்து போன மண்டி, அதன்மேல் குளிர். பொங்கச் சொன்னால் எது பொங்கும்?

பால் கேனில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மூடியை இறுக்கி, கேனைத் தொட்டிக்குள் மெதுவாக இறக்கினார்கள். ஆறினதும் எடுத்து, மறுபடி வெந்நீர் மாற்றி இறக்கினார்கள். கிணற்றுக்கும் அடுப்புக்கும் தொட்டிக்குமாக நடந்து நடந்து லெய்தாவுக்குக் கால் கடுத்தது. நடுவில் உப்புமீனும் ரொட்டியும் நின்றபடியே தின்றார்கள். ஜூனிப்பர் மரக் கம்பால் அடிவரைக்கும் கிளறினார்கள். மத்தியானம் தாண்டினதும் பாத்திரத்தின் துணியை வைகே விலக்கினாள். நுரை விளிம்புக்கு மேலே எழும்பி நின்றது.

"உயிரு இருக்கு அக்கா" என்றாள் வைகே.

லெய்தா தொட்டியில் முழங்கையை விட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. "ஊத்தலாம்" என்றாள். ஆனால் வைகே ஊற்றவில்லை.

"சண்டை?"

மண்டி ஊற்றுகிற நேரத்தில் பக்கத்தில் ரெண்டு பேர் சண்டை போட வேண்டும். அதுவும் தொண்டை கிழிய. கோபத்தைக் கேட்டால்தான் பீருக்கும் கோபம் வரும், கோபம் வந்தால்தான் பொங்கும். எங்கள் ஊரில் சில நிலத்தகராறுகள் இந்தத் தொட்டிப்பக்கத்தில் ஆரம்பித்துக் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கின்றன. நேற்றைக்குப் பிரீது, "பொம்பளைங்க கத்தினா திரிஞ்சு போயிடும், பேசாம ஊத்து" என்று சொல்லியிருந்தார். அவளும் சர்ச்சில் நிற்பது போல வாயை மூடிக்கொண்டு ஊற்றினாள்.

"சரி, நீ என்னைத் திட்டு" என்றாள் லெய்தா.

"என்னன்னு திட்டுறது? நீங்க... நீங்க நல்லவங்க அக்கா." வைகேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லெய்தாவுக்கும் வந்துவிட்டது. ரெண்டு பேரும் பாத்திரத்தை நடுவில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தால் பீர் தண்ணியாகப் போய்விடும்.

லெய்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடிசைக் கதவை விரியத் திறந்தாள். முற்றத்தைத் தாண்டிப் போய்ப் படுக்கையறை ஜன்னலையும் வெளியிலிருந்து திறந்தாள். திரும்பி வந்து தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பிரீது" என்று கூப்பிட்டாள். பேர் சொல்லி.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "என்ன?"

"பார்லியை முளைகட்டினது யாரு?"

"என்னடி கேள்வி இது?"

"பரண்ல ஏறி அதைப் புரட்டிப் புரட்டிப் போட்டுக் காய வச்சது யாரு? கிணத்துல இருந்து தண்ணி சுமந்தது யாரு? தண்ணியைச் சூடாக்கக் கல்லு காய்ச்சுனது, ஜூனிப்பர் வெட்டுனது, தொட்டியைத் தேய்ச்சது எல்லாம் யாரு? கல்யாணம் ஆன நாள்ல இருந்து எல்லா வேலையும் நான் செஞ்சேன். கடைசியில வந்து விரலை விட்டது மட்டும் நீ. அந்த ஒத்தை விரலுக்குத்தான் ஊரெல்லாம் பேரு. அந்த விரலும் நேத்து தப்புச் சொல்லுச்சு."

"ஏய், வார்த்தையை அளந்து பேசு. மேஸ்திரி கிட்ட நான்..."

"மேஸ்திரி கிட்ட என்ன சொன்ன? பொம்பளை கைன்னு சொன்ன. என் கை சுட்டுச்சு, உன்கிட்ட சொன்னேன். என் கை பொய் சொல்லல. ஈரக் கூரையில ஏறாதேன்னும் சொன்னேன். ஏறி விழுந்தது யாரு கை?"

"காலு" என்று கத்தினார் பிரீது. "விழுந்தது காலு. நீ போட்ட ரொட்டி எத்தனை நாள் கருகியிருக்கு, நான் வெளியில சொன்னேனா? எல்லாத்தையும் வாயை மூடிக்கிட்டுத் தின்னேன்."

"கருகினது உனக்காக அடுப்பை விட்டுட்டுத் தொட்டியைக் கழுவப் போனதால."

"என் மீன்வலையை எலிக்கு விட்டவ நீ."

"மழையில தொங்கப் போட்டுட்டு விருந்துக்குப் போனவன் நீ."

பழைய கதையெல்லாம் முற்றத்தின் குறுக்கே பறந்தது. வாத்துகள் தொழுவத்துக்குள் ஓடி ஒளிந்தன. லெய்தா கத்தினது தொட்டிக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தொட்டி ஒரு சாக்கு. கத்தக் கத்த அவளுக்கு உடம்பு இலேசாகிக்கொண்டே வந்தது. வைகே அந்தச் சத்தத்துக்கு நடுவில் பாத்திரத்தைச் சாய்த்து முழுசையும் ஊற்றி முடித்தாள். பிறகு தன் பங்குக்கு வயல் பக்கம் திரும்பி, கூஸ்தியின் மீசையில் ஆரம்பித்து அவன் வம்சம் வரைக்கும் போய் வந்தாள். படகடியில் அவன் காதில் விழுந்ததோ என்னவோ.

மூடியைப் போட்டு, ஆட்டுத்தோல், அதன்மேல் லெய்தாவின் குளிர்காலக் கோட்டு, அதன்மேல் பிரீதுவின் கோட்டு என்று போர்த்தினார்கள்.

சாயங்காலம் வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை. லெய்தா வேறு வேலை இல்லாதவள் மாதிரி அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் புளிப்பு ஏறியிருக்குமோ என்ற பயத்தில் ருசி பார்க்கக்கூடக் கை வரவில்லை. பொங்காவிட்டால் மாடு நனைவது ஒருபக்கம், இந்த ஊரில் பொம்பளை கைப் பேச்சு அவள் சாகும் வரைக்கும் ஓயாது. பிரீதுவுக்குச் சூப்பு கொண்டுபோய் வைத்தாள். ரெண்டு பேரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் மட்டும், "வெந்நீர்க் கேன் மாத்தினியா?" என்றார். "மாத்தினேன்" என்றாள்.

சனிக்கிழமை காலையில் பால் வாளியோடு குடிசை வாசலுக்கு வந்தவள் நின்றுவிட்டாள். கதவுக்கு வெளியிலேயே கேட்டது. உள்ளே போனால் மூடியே நுரையின்மேல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பிரீதுவின் கோட்டுக் கை நுரையில் ஊறிக் கிடந்தது. அவள் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு மொண்டு குடித்துப் பார்த்தாள். இனிப்பு இறங்கிக் காரம் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் புளிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

திங்கட்கிழமை மேஸ்திரிக்கு ஆள் போயிற்று. செவ்வாய்க்கிழமை காலையில் ஊர் திரண்டு வந்தது. பிரீதுவோடு பேச்சில்லாத கூஸ்தியும் வந்து, ஏணியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். பிரீதுவை நாற்காலியோடு தூக்கி வந்து, மாவுக்கட்டுக் காலை ஒரு நாணல் கட்டின்மேல் நீட்டி வைத்தார்கள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. லெய்தா பெரிய மரக்குவளையில் பீரை நிரப்பிக்கொண்டு வந்தாள். வீட்டுத்தலைவர் முதல் மடக்கு குடித்துவிட்டு மேஸ்திரிக்குக் கொடுக்க வேண்டும், அது முறை.

மேஸ்திரி நுரையைப் பார்த்தார், வாசனை பிடித்தார். "என்ன பிரீது, பொம்பளை கை பட்டுப் படுத்துக்கிச்சுன்னீங்க? இது எழுந்து ஆடுதே."

பிரீது கையை நீட்டினார். "அதெல்லாம் படுக்கையில இருந்துக்கிட்டே சொல்லிச் சொல்லிச் சரி பண்ணிட்டேன் மேஸ்திரி. எங்கப்பா மண்டியாச்சே."

"அந்த மண்டி எங்க கிணத்துல கிடந்தது" என்றான் கூஸ்தி, ஏணிப் பக்கமிருந்து.

"யாருகிட்ட இருந்து உன் கிணத்துக்கு வந்துச்சு?" என்றாள் வைகே.

லெய்தா குவளையைக் கொடுக்கவில்லை. பிரீதுவின் நீட்டின கை அப்படியே நின்றது.

"வெள்ளிக்கிழமை செத்துக் கிடந்தப்ப இது என் பீரு" என்றாள். "இந்த ஜன்னலண்ட நின்னு கேட்டாரு மேஸ்திரி. செத்தது என்னுதுன்னா, பொங்குனதும் என்னுதுதான்."

சொல்லிவிட்டுக் குவளையை ரெண்டு கையாலும் தூக்கி, முதல் மடக்கை அவளே குடித்தாள். ஒரு மடக்கோடு நிற்கவில்லை. மெதுவாக, நிறையக் குடித்தாள். உதட்டு நுரையைத் துடைத்துக்கொண்டு மேஸ்திரியிடம் கொடுத்தாள். ஊர் மொத்தமும் மேஸ்திரியையே பார்த்தது. அவர் ஒருமுறை பிரீதுவைப் பார்த்தார், ஒருமுறை குவளையைப் பார்த்தார், குடித்தார். பிறகு தட்டுப்பலகையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். பின்னாலேயே மற்றவர்களும் ஏறினார்கள். குவளை கை மாறிக் கை மாறிக் கூரைமேல் போய், நிரம்பி நிரம்பி எல்லாரையும் சுற்றி, கடைசியில் பிரீதுவிடம் வந்தது. லெய்தாதான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பிரீது குடித்தார். குவளையைத் திருப்பிக் கொடுத்தார். அவள் வாங்கவில்லை.

"எப்படி இருக்கு?"

"குடிக்கலாம்."

"நல்லா இருக்கா, குடிக்கலாமா?"

மேலே நாணல் தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பிரீது குவளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கு."

"யாரு போட்டது?"

பிரீது வாய்க்குள் என்னவோ சொன்னார்.

"மேல இருக்கறவங்களுக்குக் கேக்கல" என்றாள் லெய்தா.

"பிரீது, சொல்லித் தொலைப்பா" என்று கூரை முகட்டிலிருந்து குரல் கொடுத்தார் எவால்த் மேஸ்திரி. "மேற்கே இருட்டிக்கிட்டு வருது. நாங்க வேலையைப் பாக்கணும்."

பிரீது தலையை நிமிர்த்தினார். கூரைமேல் வரிசையாகக் கவிழ்ந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தனை முகங்களையும் பார்த்தார். "என் பொண்டாட்டி போட்டது" என்று கத்தினார். "லெய்தா போட்டது. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார் மேஸ்திரி. தட்டுகிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது. லெய்தா குவளையை வாங்கிக்கொண்டு, நிரப்பி வர உள்ளே போனாள்.